கன்னையாவின் மீசையும் நகரி ஸ்டேடியமும்

ஒரு ரக்பி கிளப்புக்கு மைதானம் சொந்தமாக இருக்க வேண்டுமா, பிறரோடு பங்கில் இருந்தால் போதுமா என்ற கேள்வி கடல் கடந்த பெரிய ஊர்களை எல்லாம் வாட்டி எடுக்கிறதாம். அங்கே யாருக்கும் விடை தெரியவில்லை. நகரிக்குத் தெரியும். தெரிந்துகொள்ள நகரி கொடுத்த விலை ஒரு மீசை.

நெசவு ஊரில் ரக்பி எப்படி வந்தது என்று கேட்பவர்கள் கன்னையாவை அறியாதவர்கள். கன்னையா பவர்லூம் முதலாளி. ஏதாவது ஒன்றுக்குத் தலைவராக வேண்டும் என்று அவருக்கு வெகுநாள் ஆசை. கபடிக்குத் தெருவுக்கு ஒரு கிளப், கிளப்புக்கு இரண்டு தலைவர்கள். இடம் காலி இல்லை. அப்போதுதான் டிவியில் ரக்பியைப் பார்த்தார். கபடி ஆடுகிறவன் கையில் பந்தைக் கொடுத்து ஓடச் சொன்னால் அதுதான் ரக்பி என்று உடனே விளங்கிவிட்டது. பக்கத்துக்குப் பதின்மூன்று பேர். ஆறு தரம் மடக்கிவிட்டால் பந்தை மரியாதையாக எதிரியிடம் கொடுத்துவிட வேண்டும். சுற்றுவட்டாரத்தில் வேறு ரக்பி கிளப் புத்தூரில் மட்டும்தான். ஆகவே எவ்வளவு கேவலமாகத் தோற்றாலும் இரண்டாம் இடம் நிச்சயம். இப்படி ஒரு விளையாட்டைத்தான் அவர் பிறந்ததிலிருந்து தேடிக்கொண்டிருந்தார்.

புத்தூர்க்காரர்கள் முரடர்கள். எலும்பு முறிந்தால் கட்டுப் போட உள்ளூரிலேயே ஆள் இருக்கிறது என்ற துணிச்சல். நகரி வருஷா வருஷம் இரண்டாம் இடத்தைத் தட்டிக்கொண்டு வந்தது. போதாக்குறைக்கு ஆட்டமும் எப்போதும் புத்தூரில்தான். ஒருநாள் புத்தூர் சந்தையில் யாரோ, "நகரிக்காரனுக்கு ஆட மண்ணு இல்ல, ஆடத் தெரியவும் இல்ல" என்று சொல்ல, கன்னையா தக்காளிக் கூடை மேல் ஏறி நின்று சபதம் செய்தார்: "இனிமே வருஷா வருஷம் ஆட்டம் நகரி மண்ணுல நடக்கும். எந்த வருஷம் நடக்கலியோ, அந்த வருஷம் இந்த மீசை கெடையாது!"

மீசை சாதாரண மீசை அல்ல. நகரி ஸ்டேஷனில் ரயில் நிற்பதே அதைப் பார்க்கத்தான் என்று ஒரு பேச்சு உண்டு.

அது ஆந்திராவில் மாவட்டத்தைப் பிரித்ததில் நகரி சித்தூருக்கும் புத்தூர் திருப்பதிக்கும் போயிருந்த சமயம். அடுத்த ஊர்க்காரனோடு அடித்துக்கொண்டது நேற்றுவரை தகராறு. இன்றைக்கு மாவட்டங்களுக்கிடையேயான போட்டி. போட்டி என்றதும் அதிகாரி வந்தார். பெயர் சுரேஷ்பாபு. பேச்சு பாதி தமிழ், பாதி தெலுங்கு. பதவி, இணை மண்டல மைதான உரிமை நிர்ணய அலுவலர். பதவியைச் சொல்லி முடிப்பதற்குள் ஜீப் இன்ஜின் ஆறிவிட்டது.

"கன்னையா காரு, ஒரே பிரஸ்ன. மைதானம் சொந்தமா, பங்கா?"

"பங்குதான் சார். காலைல பாவு, சாயங்காலம் ரக்பி."

"பாவு எந்த ஊர் டீமு?"

"டீமு இல்ல நைனா, நூலு" என்றாள் கமலம்மா. கன்னையாவுக்கு அண்ணி முறை. கைத்தறிக்காரி. புடவையின் நீளவாட்டு நூலை மூங்கில் கால்கள் மேல் இடுப்பு உயரத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, வெயிலில் காயவைப்பதற்குப் பெயர்தான் பாவு நீட்டுவது. மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தினமும் நீட்டுவார்கள். வெயில் தாழ்ந்தால் சுருட்டிக்கொண்டு போவார்கள். பிறகு பையன்கள் வந்து விழுந்து புரளுவார்கள். இதில் இதுவரை ஒரு சண்டை வந்ததில்லை. அதனால்தான் இது சட்டப்படி சரியா என்று யாரும் பார்க்கவில்லை.

சுரேஷ்பாபு பார்த்தார். "காலைல அவங்க, சாயங்காலம் நீங்க. இது பங்கு காதண்டி."

"பின்னே இன்னா சார்?"

"ஒரே இலைல ரெண்டு பேரு கை வெச்சா பங்கு. ஒருத்தரு துன்னுட்டு எழுந்ததும் இன்னொருத்தரு உக்காந்தா அது பந்தி. ரூல்ஸ்ல சொந்தம் உந்தி, பங்கு உந்தி, பந்தி லேது. கிளப் ரத்து. ஆட்டம் புத்தூர்ல."

கன்னையாவின் கை தானாக மீசைக்குப் போனது. இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டது.

"இவ்ளோதானா?" என்றாள் கமலம்மா. "இவனுங்க ஆடறப்பவே நாங்க பாவு நீட்டிக்கினு இருந்தா பங்கு ஆயிடுமா?"

சுரேஷ்பாபு கண்ணை மூடி யோசித்தார். "நூத்துக்கு நூறு ஆயிடும்மா."

"நீட்டுங்கடி!" என்றாள் கமலம்மா.

கிளப் கேப்டன் மணிவேல் கன்னையா தறியில் வேலை பார்க்கிறவன். பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தான். "ஆயி, ஆட்டத்துல தப்பித் தவறி நூலு மேல விழுந்தா?"

"விழு. உன் தோலை உரிச்சி ஊடு நூலாப் போட்டு நெய்யறேன்."

இப்படியாக, உலக ரக்பி வரலாற்றில் முதன்முறையாக, மைதானத்தின் குறுக்கே பாவு நீட்டியபடி ஓர் ஆட்டம் தொடங்கியது. நூல் அறுந்தால் கமலம்மா விசில் ஊதலாம், அறுத்தவன் முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் எழ வேண்டும் என்று ஒரு துணை விதியும் அங்கேயே இயற்றப்பட்டது.

பாவுக்கு அடியில் குனிந்து ஓடாமல் நகரியில் எவனும் பள்ளிக்கூடம் போனதில்லை. மணிவேல் பந்தை வயிற்றில் அணைத்துக்கொண்டு இந்தப் பக்கம் நுழைந்தால் அந்தப் பக்கம் கோட்டைத் தாண்டித்தான் தலை தெரிந்தது. நடுவில் அவன் எங்கே இருந்தான் என்று நடுவருக்கே தெரியாது. புத்தூர்க்காரர்கள் நேர்வழிக்காரர்கள். நேராக ஓடி வந்தார்கள், நேராகப் பாவில் பாய்ந்தார்கள். விசில். முடிச்சு. மறுபடி பாய்ந்தார்கள். விசில். எருமைத் தோள் கொண்ட ஆம்பிளைகள் வரிசையாகக் குந்திக்கொண்டு நூல் முனையை நாக்கில் நனைத்து முறுக்குவதைப் பார்க்க நாகலாபுரத்திலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள்.

அதற்குள் வெயில் ஏறிவிட்டது. உடம்பெல்லாம் கஞ்சி. இடைவேளைக்குள் புத்தூர் அணி இஸ்திரி போட்ட வேட்டிபோல விறைத்துவிட்டது. அவர்களில் ஒருவரை மடக்க முடியவில்லை, நிமிர்த்தவும் முடியவில்லை. கோல் கம்பத்தில் சாய்த்து வைத்தார்கள். அவரை ஆட்டக்காரராகக் கொள்வதா, மூன்றாவது கம்பமாகக் கொள்வதா என்று நடுவர் முடிவெடுப்பதற்குள் நகரி ஜெயித்துவிட்டது.

கன்னையா மீசையை முறுக்கிய முறுக்கில் ஓரிரு மயிர் கையோடு வந்தது. அவர் கவலைப்படவில்லை.

சுரேஷ்பாபுவுக்கு ஆனந்தக் கண்ணீர். மைக்கைப் பிடித்தார். "மைதானப் பங்கீட்டுக்கு நகரியே எடுத்துக்காட்டு! இப்படிப் பகிர்ந்து வாழும் கிளப்பை நான் என் சர்வீஸ்ல பார்த்ததே லேது. ஆகவே சிறந்த பங்கு மைதானத்துக்கான முதல் பரிசாக நகரிக்கு வழங்கப்படுவது..." மூச்சு வாங்கினார். "ஒரு சொந்த ஸ்டேடியம்!"

ஊரே கை தட்டியது. கமலம்மாவும் தட்டிவிட்டு, பாதியில் நிறுத்தினாள். "இரு நைனா. பங்கு போட்டுக்கினதுக்கு பரிசு, சொந்தமா?"

"அவுனம்மா. ஒழுங்கா பஸ்ல போற மனுஷனுக்கு லாட்டரில பஸ்ஸு டிக்கெட்டா இஸ்தாரு? காருதானே?"

கமலம்மா மிச்சக் கைதட்டலையும் தட்டி முடித்தாள்.

ஸ்டேடியம் எழும்பியது. அதே மைதானத்தில், ஆளுயரத்துக்கு மேலே மதில், மதிலுக்கு ஊதா பெயிண்ட், உள்ளே வெளியூர்ப் புல். இப்போதெல்லாம் ஊர் தோறும் வைக்கிறார்களே, நடுவில் சிவப்பு இதயம் போட்டு ஊர்ப் பெயரை எழுதிய பெரிய பெரிய எழுத்துகள், அதுவும் வாசலில் வந்து நின்றது. கடைசியாகக் கேட்டில் ஒரு பூட்டு. தேங்காய் அளவு. பூட்டு நகரியில், சாவி சித்தூரில், சாவியைத் தொட அனுமதி திருப்பதியில். அதிகாரப் பரவலாக்கம் இதைவிடச் சிறப்பாக நடக்க முடியாது.

முதல் நாளே மணிவேல் பந்தோடு போய் நின்றான்.

"எங்க வந்தே?" என்றார் காவலாளி.

"ஆடறதுக்கு."

"ஆடறதுக்கா? புல்லு போய்டும்பா."

மணிவேல் தலைவரிடம் ஓடினான். கன்னையா இப்போது ஸ்டேடியப் பாதுகாப்புக் குழுவுக்கும் தலைவர். "டேய், சொந்த ஊட்ல எவனாவது புரளுவானா? நாலு பேர் வந்து பாக்கற எடம் அது" என்று திருப்பி அனுப்பினார். கமலம்மா உள்ளே இடம் கேட்கவே இல்லை. மதிலுக்கு வெளியே புத்தூர் ரோட்டு ஓரத்தில் பாவை நீட்டிக்கொண்டாள். அவளுக்குப் பக்கத்தில், பாவுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே, மணிவேல் கோஷ்டி பயிற்சி எடுத்தது. ஆட்டம் இன்னும் கூர்மையானதாகச் சொல்கிறார்கள். பஸ் விசில் ஊதாதல்லவா.

மறுவருஷம் ஆட்ட நாள். புத்தூர் அணி வேனில் வந்து இறங்கியது. இந்தத் தடவை கஞ்சி ஒட்டாமலிருக்கச் சட்டைக்குள் எண்ணெய் தடவிக்கொண்டு, குனிந்து ஓடப் பழகிக்கொண்டு. கன்னையா போனைக் காதில் வைத்தார்.

"சார், கேட்டைத் தெறக்கச் சொல்லுங்க. ஆட்டம்."

"ஏ ஆட்டமண்டி?" என்றார் சுரேஷ்பாபு.

"ரக்பி சார். ஸ்டேடியத்துல."

"அய்யய்யோ. ஸ்டேடியத்துல ஆடினா ஸ்டேடியம் ஏமவுதாதி, என்னா ஆவும்? போன வருஷம் உங்களுக்கு மைதானம் இல்ல, அதனால ஆடினீங்க. இப்போ இருக்குல்ல? இருக்கறதைக் காப்பாத்தணும்."

நியாயம்தான் என்று கன்னையாவுக்கே பட்டது. அதுதான் பெரிய கஷ்டம். கூட்டம் அவர் முகத்தைப் பார்த்தது. முகத்தில் அது ஒரே ஒரு இடத்தைப் பார்த்தது.

மதில் ஓரத்தில் கஞ்சி தடவிக்கொண்டிருந்த கமலம்மா நிமிர்ந்தாள். "இன்னா கொழுந்தனாரே, மூஞ்சி ஏன் இப்படி கீது? ரோட்டு ஓரமும் நகரி மண்ணுதானே? அந்தாண்ட காலி எடம் கீது. பாவு ஒரு பக்கமா இருக்கட்டும், நீங்க ஆடுங்க. மீசையும் பொழைக்கும்."

"ஆமா மாமா," என்றான் மணிவேல். "ரெடியாத்தான் கீறோம்."

புத்தூர்க்காரர்கள்கூடத் தலையாட்டினார்கள்.

கன்னையா மதிலைப் பார்த்தார். ஊதா நிறத்தைப் பார்த்தார். சிவப்பு இதயத்தைப் பார்த்தார். நெஞ்சு விம்மியது.

"அண்ணி, சொந்த ஸ்டேடியம் இருக்கற கிளப்பு, நூலுகாரிங்களோட பங்கு போட்டுக்கினு ரோட்ல ஆடறதா? ஊரு இன்னா பேசும்? எங்களுக்குன்னு ஒரு கவுரவம் இல்ல?"

சொல்லிவிட்டு ஸ்டேஷன் பக்கத்துச் சலூனுக்கு நேராக நடந்தார்.

பாதி மீசை போயிருந்தபோது பக்கத்து நாற்காலியில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். புத்தூர் கிளப் தலைவர் பாஸ்கர். கேலி செய்ய வந்திருக்கிறார் என்று கன்னையா கண்ணை மூடிக்கொண்டார்.

"கன்னையா காரு," பாஸ்கரின் குரல் தழைந்து வந்தது. "அந்த ஸ்டேடியம் எப்பிடி வாங்கினீங்க?"

"அதுல ஆட முடியாதுப்பா."

"அதான் பார்த்ததுமே தெரியுதே! என்னா அழகு, ஒரு செருப்புத் தடம் கெடையாது. எங்க மைதானத்துல பகலெல்லாம் வேர்க்கடலை காய வெக்கறாங்க, சாயங்காலம் பசங்க ஆடிக்கினே கீறானுங்க. விருந்தாளி வந்தா காட்டறதுக்கு ஒண்ணு கெடையாது. எங்க ஊரே மனு குடுக்கப் போவுது." கொஞ்சம் நெருங்கினார். "பூட்டு இன்னா சைஸு?"

கன்னையா போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்துக் காட்டினார். தேங்காய்.

பாஸ்கர் யோசித்துவிட்டு இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். பூசணிக்காய்.

மிச்ச மீசையும் போனது கன்னையாவுக்குத் தெரியவே இல்லை. அவர் கண் அந்த இரண்டு கைகளுக்கு நடுவிலேயே இருந்தது.

மறுநாள் காலையில் நகரியே திரண்டு திருப்பதிக்கு பஸ் ஏறியது. கோரிக்கை ஒன்றே ஒன்று: புத்தூருக்கு முன்னால் நகரிப் பூட்டைப் பெரிதாக்க வேண்டும். மணிவேல் வேலைக்கு லீவு போட்டுவிட்டு கோஷம் போட்டான். பாவைச் சுருட்டி வைத்துவிட்டு முதல் பஸ்ஸிலேயே ஜன்னலோரம் இடம் பிடித்திருந்தாள் கமலம்மா.

"நீயுமா அண்ணி?" என்றார் கன்னையா, மழமழவென்ற உதட்டைத் தடவிக்கொண்டே.

"பின்னே?" என்றாள் அவள். "புத்தூர்க்காரனுக்கு உட்டுக் குடுக்கறதா?"