முறத்தில் காய்ந்த மெமரி

“மறுபடியும் அதையேதான் சொல்லுது” என்றார் குத்தாலிங்கம்.

கம்ப்யூட்டர் ஒரு தடவை கூவிவிட்டு, கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் ‘மெமரி எரர்’ என்று காட்டி நின்றுவிட்டது. அணைத்துப் போட்டாலும் அதேதான், ஸ்டெபிலைசரை மாற்றினாலும் அதேதான்.

“மெமரின்னா என்னங்க?” என்று கேட்டாள் மனைவி பேராச்சி.

“ஞாபகம்.”

“வாங்கி வருசம் திரும்பலை, அதுக்குள்ள மறதியா? உங்களுக்கு மேல இருக்கே.”

குத்தாலிங்கத்துக்குச் சிரிப்பு வரவில்லை. தென்காசிக்கு வந்த முதல் கம்ப்யூட்டர் தன்னுடையதுதான் என்று எண்பத்தேழு தை மாதத்திலிருந்து ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பவர் அவர். சென்னையிலிருந்து ரயிலில் வரும்போது மானிட்டரை மடியை விட்டு இறக்கவேயில்லை. வீட்டின் முன்பக்கம் அவர் நடத்திய டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டின் போர்டை அந்த வாரமே ‘கம்ப்யூட்டர் சென்டர்’ என்று மாற்றி எழுதிவிட்டார். அதில் பாடம் நடத்துவது மகள் இராமலட்சுமி. பெருமை அடித்துக்கொள்கிற வேலை மட்டும் அவருடையது. அந்த வேலைக்கு அவர் ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை.

மறுநாள் சாயங்காலம் இராமலட்சுமியைப் பெண் பார்க்க வாசுதேவநல்லூரிலிருந்து வருகிறார்கள். பையன் பெயர் திருமலைக்குமரன். பம்பாயில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இஞ்சினியர் என்று தரகர் சொல்லியிருந்தார். ஜாதகம் பொருந்தியிருந்தது, குடும்பமும் நல்ல குடும்பம். “எங்க வீட்டுலயும் கம்ப்யூட்டர் இருக்கு, மாப்பிள்ளை வந்து ஓட்டிப் பாக்கட்டும்” என்று குத்தாலிங்கம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லி அனுப்பியிருந்தார். இப்போது போய் இது மக்கர் பண்ணினால் மானம் கப்பலேறிவிடும். சம்பந்தமும் கைநழுவிவிடும்.

“நான் வேணும்னா பாக்கட்டுமாப்பா?” என்றாள் இராமலட்சுமி.

“நீ ஒண்ணும் தொடாதே. பொண்ணு பாக்க வரும்போது கையெல்லாம் கரியா இருந்தா நல்லாவா இருக்கும்? போய் மருதாணி வை.”

பக்கத்துக் கடையில் ரேடியோ ரிப்பேர் செய்யும் ஹபீபுல்லாவை அழைத்து வந்தார். ஹபீபுல்லா கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தார். வரிசை வரிசையாகக் கறுப்புச் சில்லுகள், கால் முளைத்த வண்டு மாதிரி உட்கார்ந்திருந்தன.

“அண்ணாச்சி, இதுதான் மெமரி. சாரல் காத்து அடிக்கில்லா, ஈரம் ஏறிட்டு. ரேடியோன்னாலும் இந்தச் சீசன்ல இதே கதைதான்.”

“என்ன செய்யணும் வே?”

“கழட்டி நல்லாக் காய வைக்கணும்.”

இருவருமாகச் சேர்ந்து ஸ்குரூ டிரைவரால் நெம்பி நெம்பிச் சில்லுகளைப் பிடுங்கினார்கள். இராமலட்சுமி மருதாணிக் கையோடு ஓடி வந்தாள்.

“ஐயோ அப்பா, அதையெல்லாம் ஏன் கழட்டுதீங்க? வேண்டாம்பா.”

“நீ சும்மா இரு தாயி. பெரியவங்க ரெண்டு பேரு பாத்துக்கிட்டுதான இருக்கோம்?”

மொட்டை மாடியில் பேராச்சி சுண்டைக்காய் வற்றல் காயப் போட்டிருந்தாள். அதே முறத்தில் ஓர் ஓரமாகச் சில்லுகளைப் பரப்பிவிட்டுக் குத்தாலிங்கம் காப்பி குடிக்கக் கீழே இறங்கினார். வெயில் பளிச்சென்று அடித்தது. ஆனால் அது ஆனி மாதத்துத் தென்காசி வெயில். டம்ளரை வாயில் வைப்பதற்குள் மலைப்பக்கமிருந்து சாரல் வந்து பொசுபொசுவென்று தூவியது. பேராச்சி பதறிப்போய் மாடிக்கு ஓடி, முறத்திலிருந்ததை அப்படியே வாரி டின்னில் கொட்டி மூடிவிட்டாள்.

“என் மெமரி எங்கட்டீ?” என்று அலறினார் குத்தாலிங்கம்.

“வத்தலோட சேந்து கிடக்கும், பொறுக்கிக்கிடுங்க. நீங்கதான ஒண்ணா வச்சீங்க?”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். சுண்டைக்காயும் கறுப்பு, சில்லும் கறுப்பு. ஹபீபுல்லா கோணிப்போன கால்களைக் குறட்டால் நிமிர்த்திக் கொடுக்க, இவர் காலியாக இருந்த பள்ளங்களிலெல்லாம் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். எது எங்கே இருந்தது, எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது என்று இருவருக்கும் தெரியாது. அதைப் பற்றி இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

சுவிட்சைப் போட்டதும், ‘மெமரி எரர்’ கூட வரவில்லை. திரை இருண்டே கிடந்தது. கூவல் மட்டும் நிற்காமல் வந்தது.

“சத்தம் முன்னைக்கு நல்லா இருக்கு அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு ஹபீபுல்லா மெல்லக் கடைப்பக்கம் நழுவினார்.

மறுநாள் குத்தாலிங்கத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இதில் மாப்பிள்ளை வீட்டார் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து இறங்கிவிட்டார்கள். வழியில் குற்றாலம் ஐந்தருவியில் கூட்டம் இல்லாததால் சீக்கிரமே குளித்துவிட்டார்களாம். எல்லோருக்கும் தலை ஈரம்கூடக் காயவில்லை.

குத்தாலிங்கத்துக்கு ஒரே ஒரு வழிதான் தோன்றியது. பின்கட்டு வழியாகப் போய் மீட்டர் போர்டிலிருந்த பியூஸ் கட்டையைப் பிடுங்கி மடியில் செருகிக்கொண்டார். வீடு இருட்டானது.

“இந்த ஊர்க் கரண்ட்டே இப்படித்தான்” என்று வாயெல்லாம் பல்லாக வந்து, கம்ப்யூட்டரின் சுவிட்சைத் தட்டிக் காட்டிவிட்டு உட்கார்ந்தார். “இல்லேன்னா மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டரைப் போட்டுக் காட்டிருப்பேன். குடுத்து வைக்கலை.”

அவர் சொல்லி முடிக்கவில்லை. பக்கத்துக் கடையில் ஹபீபுல்லா ஏதோ ஒரு ரேடியோவைச் சரிசெய்து, தெருவே அதிரும்படி பாட வைத்தார்.

திருமலைக்குமரன் எழுந்தான். “பக்கத்துல கரண்ட் இருக்கே மாமா. பியூஸ் போயிருக்கும், நான் பாக்கேன்.”

மாமா என்று கூப்பிட்டதில் குத்தாலிங்கம் ஒரு நிமிஷம் உருகி நின்றுவிட்டார். தடுக்கத் தோன்றுவதற்குள் பையன் மீட்டர் போர்டுக்குப் போய்விட்டான்.

“மாமா, இங்க பியூஸ் கட்டையையே காணோமே?”

“எலி தூக்கிட்டுப் போயிருக்கும் தம்பி.”

பையன் ஒரு துண்டு கம்பியை வாங்கி எப்படியோ இணைத்தான். விளக்கு எரிந்தது. சுவிட்சை அணைக்க மறந்துபோயிருந்த கம்ப்யூட்டர் வீடே கேட்கக் கூவத் தொடங்கியது.

“மெமரி கோளாறு” என்றான் திருமலைக்குமரன், சத்தத்தைக் கேட்டே. “ஸ்குரூ டிரைவர் இருக்கா மாமா?”

அவன் சுவிட்சை அணைத்துவிட்டு மூடியைத் திறந்தான். குத்தாலிங்கம் கண்ணை மூடிக்கொண்டு குற்றாலநாதரைக் கூப்பிட்டார். பையன் உள்ளே விரலை விட்டு எதையோ எடுத்து வெளிச்சத்தில் காட்டினான்.

“இது என்னது மாமா?”

“சுண்டைக்காய்” என்றார் குத்தாலிங்கம்.

அதற்குள் பையனின் அம்மா, “பொண்ணு பாடுமா?” என்று ஆரம்பித்துவிட்டாள். இராமலட்சுமி உட்கார்ந்து பாடினாள். பையன் பாட்டுக்குத் தலையை நிமிர்த்தவேயில்லை. அவள் பாடிக்கொண்டே அவனுடைய விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைகீழாகச் செருகியிருந்தவற்றைப் பதமாக எடுத்தான், ரப்பரால் கால்களைத் தேய்த்தான், மாற்றி மாற்றி வைத்தான்.

“சிலது சூட்டுல போயிருச்சு. ஒண்ணைக் காணவே காணோம்” என்றான்.

குத்தாலிங்கம் பேராச்சியை முறைத்தார். “நேத்து வத்தக்குழம்பு வச்சியே, அதுல போட்டுட்டியா?” என்று காதோரம் கேட்டார்.

“உங்களுக்குத்தான் ரெண்டு தடவை ஊத்துனேன். பல்லுல தட்டுப்பட்டுச்சா?”

“பரவாயில்லை மாமா” என்றான் பையன். “நல்லதை எல்லாம் முன்வரிசைக்கு மாத்திட்டேன். கடைசி வரிசையே கிடையாதுன்னு மிஷினுக்குச் சொல்லிட்டாப் போதும், இருக்கதை வச்சு ஓடும்.” பேனா முனையால் உள்ளே இருந்த குட்டிக் குட்டி சுவிட்சுகளைத் தள்ளிவிட்டு, கரண்ட்டைப் போட்டான்.

ஒரே ஒரு கூவல். திரையில் பச்சை எழுத்துகள் மளமளவென்று ஏறின. கம்ப்யூட்டர் ஓடியது.

குத்தாலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று அவர்கள் சொன்னார்கள். உன் இஷ்டம் என்ன என்று பேராச்சி கேட்டபோது இராமலட்சுமி தயங்காமல் தலையாட்டினாள். ஆவணியில் கல்யாணம் என்று தட்டு மாற்றிக்கொண்டார்கள்.

கார் தெருமுனை திரும்புகிறவரை வாசலில் நின்று கும்பிட்டுவிட்டு, அவர் நேரே ஹபீபுல்லாவைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தார்.

“பாத்தீரா வே என் மாப்பிள்ளைய? சத்தத்தைக் கேட்டே சீக்கைச் சொல்லுதான். தரகர் வாயில வந்ததெல்லாம் பொய்யா இருக்கும்பாங்க, இந்த இஞ்சினியரு சுத்த அசல். ஏதோ நம்ம நல்ல நேரம், மிஷினு தன்னால கெட்டுப்போய் அதைத் தெரிஞ்சுக்கிட்டோம்.”

இராமலட்சுமி இடுப்பிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்து, அதிலிருந்த கறுப்புச் சில்லை மேஜைமேல் வைத்தாள்.

“தன்னால ஒண்ணும் கெடலைப்பா, நான் ஒரே ஒரு கேள்விதான் வச்சிருந்தேன்; பரீட்சையை இவ்வளவு கஷ்டமாக்குனது நீங்க ரெண்டு பேருந்தான்.”