சுழியண்ணன் வாங்கிய ஜோடிக் கேமரா

பெண்ணுக்கு ஜாதகம் பார்ப்பவர்களையும் மனைக்கு வாஸ்து பார்ப்பவர்களையும் நீங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள். கேமராவுக்குச் சுழி பார்த்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் திண்டுக்கல்லில் எங்கள் எதிர்வீட்டில் இருக்கிறார்.

ஒட்டன்சத்திரம் சந்தையில் மாட்டுத் தரகு அவர் தொழில். மாட்டின் உடம்பில் ரோமம் எங்கே சுழித்திருக்கிறது என்று பார்த்தே, அது குடும்பத்துக்கு ஆகுமா ஆகாதா என்று சொல்லிவிடுவார். அதனால் சுழியண்ணன். சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். மாட்டோடு நிறுத்திக்கொண்டால் பரவாயில்லை. நான் ஸ்கூட்டர் வாங்கியபோது சுற்றி வந்து சீட்டைத் தடவிவிட்டு, "பின்னங்கால் சரியில்ல தம்பி" என்றார். மறுவாரம் பின் டயர் வெடித்தது. அதிலிருந்து அவரிடம் காட்டாமல் நான் குடைகூட வாங்குவதில்லை.

அண்ணனும் மதினியும் வருஷா வருஷம் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பார்கள். கூட்டத்தில் தொலைந்துவிடாமல் இருக்க, அண்ணன் தோள் துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டே மதினி வருவார். மூட்டு தேய்ந்து மதினியால் நடக்க முடியாமல் போய்விட்ட வருஷம், அண்ணன் மட்டும் போய்விட்டு வந்து போனில் எடுத்த படங்களைக் காட்டினார்.

"எல்லாம் செவத்துல ஒட்டுன நோட்டீஸ் கணக்கா இருக்கு. நடந்த மாதிரியே இல்ல" என்று மதினி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதுவிட்டார்.

அண்ணன் நேராக என்னிடம் வந்தார். "தம்பி, பாத்தா உள்ள எறங்கி நடக்கலாம்னு தோணணும். அப்பிடிப் படம் எடுக்குற பெட்டி எங்க கெடைக்கும்?"

அந்தக் காலத்து இரட்டை லென்ஸ் கேமரா ஒன்று உண்டு, அகலமான பிலிமில் இரு கண்ணுக்கும் தனித்தனிப் படம் எடுக்கும், இரண்டையும் பார்வைப் பெட்டியில் வைத்துப் பார்த்தால் காட்சி முன்னும் பின்னுமாக எழுந்து நிற்கும் என்று விளக்கினேன். பழசாகத்தான் தேட வேண்டும் என்றும் எச்சரித்தேன்.

"ரெண்டு கண்ணும் ஒண்ணாப் போகணும். அம்புட்டுத்தான? ஜோடி மாடு பாக்குறவன்கிட்டப் போயி பயங்காட்டுற!" என்றார்.

மதுரையில் பழைய கேமரா சேர்க்கும் ஒருவர் மேஜையில் மூன்றை எடுத்து வைத்தார். முதலாவது ஜெர்மன், பார்க்க ராஜா மாதிரி இருந்தது. அண்ணன் லென்ஸுக்குள் டார்ச் அடித்தார்.

"எடது கண்ணுல சுழி. வேணாம்."

"அது பூஞ்சைங்க" என்றார் மதுரைக்காரர்.

"பேரு எதுவா இருந்தா என்ன? கெட்ட சுழி."

இரண்டாவதைக் காதோடு வைத்துத் தட்டினார். வலது ஷட்டர் செத்த நேரம் கழித்துத் திறந்தது. "வலத்தான் சோம்பேறி" என்று தள்ளிவிட்டார். மூன்றாவது ஒரு கறுப்புப் பெட்டி. இரண்டு ஷட்டரும் ஒரே சத்தமாகச் சொடுக்கின. அதன் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

பிறகு துண்டை விரித்து, சந்தை வழக்கப்படி அதற்குள் மதுரைக்காரர் கையைப் பிடித்து விரலால் விலை பேசினார். அந்த மனிதருக்கு விரல் பாஷையும் தெரியாது, கூச்சமும் ஜாஸ்தி. நெளிந்து சிரித்துக் கையை உருவிக்கொண்டு, "நீங்க சொன்னதுக்கே எடுத்துக்கங்க" என்றார். அண்ணன் என்ன சொன்னார் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது என்றே நினைக்கிறேன்.

வினை அப்புறம்தான் வந்தது. மாட்டை விற்றவன் கயிற்றை அவிழ்த்து வைத்துக்கொள்வது சந்தை வழக்கம். கயிற்றோடு அவன் வீட்டு லட்சுமியும் போய்விடக் கூடாதாம். கேமராவைத் தோளில் மாட்டும் பட்டை அதன் தோலுறையோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தது. அண்ணன் கணக்கில் அந்தப் பட்டைதான் கயிறு. அதை உறையோடு அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

"ஐயா, பின்னாடி சின்னச் சிவப்புக் கண்ணாடி இருக்கு. உறை இல்லேன்னா வெளிச்சம் உள்ள போயிரும்!"

"ஒங்க லட்சுமி ஒங்ககிட்டயே இருக்கட்டும்யா" என்று கும்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அடுத்த தைப்பூசம் முழுக்க வெயிலில் கேமராவைக் குழந்தை மாதிரி ஏந்தி நடந்தார். கழுவி வந்த பிலிமில் வெறும் மூட்டம்தான் இருந்தது. ஒரு வருஷம் போச்சு. அண்ணன் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்ட மதினி சொன்னார்:

"கயித்த மட்டும் அத்துக் குடுத்துட்டு, உறைய வாங்கியாந்திருக்கலாம்ல?"

மறுநாள் முதல் பஸ்ஸில் மதுரைக்குப் போய், பட்டையை அறுத்துக் கொடுத்துவிட்டு உறையை வாங்கி வந்தார். அதில் புது மாட்டுக்கயிறு கட்டினார்.

அதற்கடுத்த தைப்பூசத்துக்கு நானும் கூட நடந்தேன். ஒட்டன்சத்திரம் தாண்டி ஓரிடத்தில் கேமராவை என்னிடம் கொடுத்துவிட்டு, பாதையின் ஓரமாக ஒதுங்கி நின்றார்.

"அண்ணே, நடுவுல வாங்க. பக்கத்துல எடம் காலியாத் தெரியுது."

"தெரியட்டும். நீ அமுக்கு."

படம் வந்த அன்று மதினி பார்வைப் பெட்டியில் வைத்த கண்ணை எடுக்கவே இல்லை. ஒரு கை மட்டும் காற்றில் துழாவியது.

"என்ன தேடுற?"

"ஒங்க துண்டு... கைக்கு எட்டுற மாதிரியே இருக்கு."

அண்ணன் தோளில் கிடந்த துண்டின் நுனியை அந்தக் கையில் கொடுத்தார். "பிடிச்சுக்க. கூட்டம் சாஸ்தி."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மனிதர் எதிர்வீட்டில் வாய்க்க, என் உடம்பில் எங்கேயோ ஒரு நல்ல சுழி இருக்க வேண்டும்.