ஆறு புதன்கிழமைகளும் ஓர் அலுமாரியும்

உதவி கேட்டு வருகிறவர்களைப் பற்றி உலகத்தில் வேண்டிய அளவு குறை சொல்லியாகிவிட்டது. உதவி செய்ய வருகிறவர்களைப் பற்றித்தான் ஒருவரும் வாய் திறப்பதில்லை. நீங்கள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்கும்போது கையிலிருந்து கத்தியை வாங்கி, கறிக்கு ஆகாத அளவில் வெட்டித் தருகிறவர். பதினைந்து வருடமாக நீங்களே பின்னுக்கு எடுத்துப் பழகிய முச்சக்கரவண்டியை மதிலோரம் நின்று ‘வா, வா, வா’ என்று கையசைத்து அதே மதிலில் முட்டவைக்கிறவர். சாவீட்டில் அழ வந்தவர்களை எழுப்பி எழுப்பிக் கதிரைகளை வரிசைப்படுத்திவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு ‘வேறென்ன செய்யணும்?’ என்று கேட்கிறவர். இவருக்கு உபகாரி என்று பெயர் வைத்துக்கொள்வோம். கெட்டவரா? இல்லை. அதுதானே கஷ்டம். கெட்டவர் என்றால் கதவைச் சாத்திவிடலாம்.

இந்த இனத்தில் கலப்படமே இல்லாத ஒருவர் கொஞ்சக் காலம் புத்தளத்துக்கு இந்தப் பக்கம் பாலாவிச் சந்தியில் குடியிருந்தார். பெயர் ஜென்சன். வயது பத்தொன்பது. அமெரிக்காவில் ஓர் உப்பு ஏரிக்குப் பக்கத்து ஊரில் பிறந்து, மோர்மன் சபையின் ஊழியராக இரண்டு வருடத்துக்குக் கடல் கடந்து அனுப்பப்பட்டு, உப்பளத்துக்குப் பக்கத்து ஊரில் வந்து இறங்கியவர். வெள்ளைச் சேர்ட், கறுத்த கழுத்துப்பட்டி, நெஞ்சில் ஒரு சின்னத் தகடு. தகட்டில் ‘மூப்பர் ஜென்சன்’ என்று தமிழில் எழுதியிருந்தது. அந்தச் சபையில் மீசை அரும்பாத பையனும் மூப்பர்தான். அவர் ஊழியத்துக்குப் போன மாம்புரியில் அப்படியில்லை. அங்கே மூப்பர் என்றால் கத்தோலிக்கக் கோயில் காரியங்களைப் பார்க்கிற பேதுரு ஒருவர்தான். அந்தப் பெயரை வாங்க அவருக்கு அறுபது வயதாக வேண்டியிருந்தது. தகட்டை முதல் தடவை வாசித்தபோது பேதுரு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை வாசித்தார். பிறகு, “இந்த வயசில உங்களை ஆர் தம்பி தெரிவு செஞ்சது?” என்று மட்டும் கேட்டார்.

ஜென்சனோடு எந்நேரமும் இன்னொருவர் இருப்பார். தனியே நடமாடக்கூடாது என்பது சபை விதி. அவர் மூப்பர் டேனியல், பெங்களூர்த் தமிழர், இரண்டு வயது மூத்தவர், அதிகம் பேசாதவர்.

இவர்களுடைய கிழமை எப்படிப் போனது என்று கேட்பீர்கள். திங்கள் ஓய்வு. உரக்கடை ஹிஸ்புல்லாவின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தபடியால், தோய்த்த சேர்ட்டுகளைக் கொடியில் போட்டு, சந்தியால் போகிற சீமெந்து லொறிகள் அவற்றைச் சாம்பல் நிறமாக்க முதல் ஓடிப்போய் எடுத்து, வீட்டுக்குக் கடிதமும் படங்களும் அனுப்புவார்கள். மற்ற நாட்களில் பஸ் ஏறி மாம்புரியில் இறங்கி வீடு வீடாகப் போவார்கள். போன வீடெல்லாம் கத்தோலிக்க வீடு. எல்லோரும் கதிரை போட்டார்கள். எல்லோரும் தேத்தண்ணீர் ஊற்றினார்கள். தேத்தண்ணீர் குடிப்பது எங்கள் சபைக்கு ஆகாது என்றதும், பாவம், இந்த வயதில் வயிற்றுப்புண்ணா என்று விசாரித்து மல்லி அவித்துக் கொடுத்தார்கள். ஞாயிறு கூட்டத்துக்கு வருவீர்களா என்றால், ஓம், கட்டாயம் வாறம் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை சந்தியில் எடுத்திருந்த சின்ன மண்டபத்தில் விரித்த பன்னிரண்டு கதிரைகளில் இரண்டில் ஆள் இருந்தது. இரண்டு பேரும் மூப்பர்கள்.

மிஞ்சியது புதன்கிழமை. அன்றைக்குப் பிரசங்கம் இல்லை, ஊராருக்கு உடம்பால் உழைக்க வேண்டிய நாள். வந்து ஆறு கிழமையாகியும் ஓர் ஆத்துமாவைக்கூட அசைக்காத ஜென்சனுக்கு, வீட்டை விட்டு இவ்வளவு தூரம் வந்தது வீண்போகவில்லை என்று தோன்றியது அந்த ஒரு நாளில்தான்.

அந்த நினைப்பைக் கொடுத்தவர் அனஸ்தாசியா. நாற்பத்தைந்து வயது. புருஷன் கடலுக்குப் போக, இவர் வீட்டுக்குப் பின்னால் மிளகாயும் பயிற்றையும் போட்டிருந்தார். முதல் புதன்கிழமை ஜென்சன் வாசலில் வந்து நின்று, ‘சகோதரியே, உமக்கு நாங்கள் செய்யத்தக்க ஊழியம் ஏதேனும் உண்டோ?’ என்று வேதப்புத்தகத் தமிழில் கேட்டபோது, அனஸ்தாசியாவிடம் செய்யவேண்டிய வேலை ஒன்றும் இருக்கவில்லை. இல்லை என்று சொல்ல வாயெடுத்தவர், வெயிலில் நடந்து வந்த இரண்டு பேருடைய சேர்ட்டும் முதுகோடு ஒட்டிக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, அலுமாரியை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு மாற்ற வேண்டும் என்றார்.

மாற்றினார்கள். ஜென்சனுடைய முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க அனஸ்தாசியாவுக்கே கூச்சமாக இருந்தது.

அடுத்த புதனும் வந்தார்கள். புதுச் சுவரில் ஈரம் என்று சொல்லிப் பழைய சுவருக்கே கொண்டுபோகவைத்தார். மூன்றாவது புதன் கறையான். நான்காவது புதன் வெயில் படுகிறது. ஐந்தாவது புதன் புருஷன் கண்ட ஒரு கனவு. ஆறாவது புதன் காரணம் சொல்ல மறந்துவிட்டார், அவர்களும் கேட்கவில்லை. ஒவ்வொரு தடவையும் ஜென்சன் அலுமாரிக்கு முன்னால் நின்று படம் எடுத்தார். இந்த நாட்டு மக்கள் கிழமைக்கு ஒருமுறை அலுமாரியை இடம் மாற்றுவார்கள் என்று வீட்டுக்கும் எழுதினார். ஆறாவது தடவை பின்கால் ஒன்று முறிந்தது. செங்கல் வைத்து நிறுத்தினார்கள். அதற்கும் ஒரு படம்.

கால் முறிந்த அன்று பின்னேரம் அனஸ்தாசியா பேதுரு மூப்பரிடம் போய், இனி இந்த உபகாரத்தைத் தன் வீடு தனியே தாங்காது என்று முறையிட்டார். மூப்பர் நாலு பேரைக் கூப்பிட்டுக் கதைத்தார். மாதா சுரூபம் வீடு வீடாகப் போகிற முறைப்படி இதுவும் போகட்டும் என்பது அவருடைய யோசனை. எந்தப் புதன் எந்த வீடு என்று எழுத ஒரு பட்டியலும் எடுத்தார். நண்டு வலைக்காரர் ஜூட், அனஸ்தாசியாவின் பக்கத்து வளவுக்காரர், ஒத்துக்கொள்ளவில்லை. நம்முடைய ஆட்களைத் தங்கள் சபைக்கு இழுக்க வந்தவர்களுக்கு நாமே வேலை தேடிக் கொடுப்பதா என்று கேட்டார்.

“இழுபட்டவன் ஆர், ஒரு பேரைச் சொல்லு பாப்பம்” என்றார் பேதுரு. “ஒருத்தனும் இல்ல. அதுதான் எனக்குப் பாவமாக் கிடக்கு.”

ஜூட் யோசித்தார். அடுத்த புதனைத் தானே எடுத்துக்கொண்டார். எடுத்த பிறகுதான், தன் வளவில் உடைந்தது, சரிந்தது, ஓட்டை விழுந்தது என்று ஒரு சாமானும் இல்லை என்பது தெரிந்தது. உடைந்ததைக் கையோடு திருத்திவிடுகிற மனுஷன். செவ்வாய்க்கிழமை பின்னேரம், போன வருடம் றோட்டுப் பக்கம் தென்னோலை பின்னிக் கட்டிய நல்ல கிடுகு வேலியில் இருபதடியைப் பிடுங்கிக் கீழே போட்டார். இனி மூப்பர்மார் வந்து நட்டுவிட்டுப் போவார்கள்.

ஆனால் பாலாவியில் திங்கட்கிழமையே காரியம் கெட்டிருந்தது. ஜென்சனுக்குப் பதினைந்து வயதில் ஒரு தங்கை. ஆறு படங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, அண்ணா, ஆறிலும் கதவில் ஒரே மாதா படம் ஒட்டியிருக்கிறது, இது அங்கேயும் இங்கேயுமாகப் போய்வருகிற ஒரே அலுமாரி, அந்த அம்மா உனக்காகத்தான் இதைச் செய்கிறாவா என்று எழுதியிருந்தாள்.

ஜென்சன் ஃபோனை டேனியலிடம் நீட்டினார். டேனியல் வாசித்தார். ஆச்சரியப்படவில்லை.

“உனக்கு எப்பவிருந்து தெரியும்?”

“ரெண்டாவது புதன்ல இருந்து” என்றார் டேனியல்.

“ஏன் சொல்லல்ல?”

“உனக்குப் புதன் மட்டும்தானே இருந்துச்சு.”

அந்தப் புதன்கிழமை ஜென்சன் மாம்புரிக்குப் போகவில்லை. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடந்தார். ஊரே சேர்ந்து தன்னை ஒரு குழந்தையைப் போல விளையாடவிட்டிருக்கிறது என்று நினைக்க நினைக்க முகம் சூடாயிற்று. ஊருக்கே திரும்பிப் போய்விட்டால் என்ன என்று டேனியலிடம் கேட்டார். டேனியல், முதலில் சாப்பிடு என்றார்.

வியாழன் காலை கீழே கடையிலிருந்து ஹிஸ்புல்லாவின் குரல் வந்தது. “தம்பிமார், கொஞ்சம் இறங்கி வாங்க. உங்கட வேலி ஒண்டு விழுந்து கிடக்காம்.”

கடை வாசலில் ஜூட் நின்றார். உள்ளதைச் சொன்னார். புதன்கிழமை முழுக்க வேலி திறந்தபடி கிடந்தது, இவர்கள் வருவார்கள், வருவார்கள் என்று அவரும் கை வைக்கவில்லை. இன்றைக்கு விடிய முதல் றோட்டில் திரிகிற கழுதைகள் ஏழு உள்ளே வந்து, தன் வளவில் தின்ன ஒன்றும் இல்லாதபடியால், நடுவில் வேலியில்லாத அடுத்த வளவுக்கு அப்படியே போய்விட்டன.

அவர்கள் போய் இறங்கியபோது அனஸ்தாசியா வரப்பில் குந்தியிருந்தார். இரண்டு மிளகாய்ப் பாத்தி மிதிபட்டுச் சேறாகிக் கிடந்தது. பயிற்றைக் கொடிகளுக்குக் கம்பு மட்டும்தான் மிச்சம். சனிக்கிழமை சந்தைக்குப் போகவேண்டிய காய். ஜூட்டின் முகத்தை அவர் பார்க்கவில்லை. இருபது வருடத்து அயல், காலையிலிருந்து ஒரு சொல் கதைக்கவில்லை. ஜூட், நான் இந்தப் பிள்ளைகளுக்காகப் பிடுங்கினேன் என்றார். இந்தப் பிள்ளைகள் உன்னைப் பிடுங்கச் சொன்னார்களா என்று பேதுரு கேட்டார். அப்போ அலுமாரியை ஆர் தூக்கச் சொன்னது என்று ஜூட் திருப்பிக் கேட்டார். பேதுரு பட்டியலை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஜென்சன் அனஸ்தாசியாவுக்கு முன்னால் போய் நின்றார். சொல்லைத் தேடித் தேடி, வேதப்புத்தகத் தமிழை விட்டுவிட்டு, “அக்கா, அலுமாரி பொய்யா?” என்று கேட்டார்.

அனஸ்தாசியா நிமிர்ந்து பார்த்தார். “பாரம் பொய்யில்லத்தானே, தம்பி. தூக்கினது நீங்கதானே” என்றார். பிறகு, “நீங்க திரும்பிப் போய், நாங்க அங்க ஒருத்தருக்கும் தேவைப்படல்ல எண்டு தாய்க்கிட்டச் சொல்லப்படாது. அதுக்குத்தான்” என்றார்.

ஜென்சன் கழுத்துப்பட்டியைக் கழற்றினார். வந்த நாளிலிருந்து முதல் தடவையாக உண்மையிலேயே செய்யவேண்டிய வேலை ஒன்று முன்னால் கிடந்தது. முதல் தடவையாகப் பக்கத்தில் நின்று பாராட்ட ஒருவருக்கும் நேரமிருக்கவில்லை. ஜூட் கழுதைகளைத் துரத்தப் போய்விட்டார், அனஸ்தாசியா மிஞ்சிய செடிகளை நிமிர்த்திக்கொண்டிருந்தார். இரண்டு மூப்பர்களும் கிடங்கு தோண்டி, கம்பு நட்டு, கிடுகு சாத்திக் கயிறு போட்டுக் கட்டினார்கள். வேலை முடியப் பின்னேரம் மூன்று மணி. கம்புகள் ஒன்றையொன்று குசலம் விசாரிப்பதுபோலச் சாய்ந்து நின்றன. கிடுகுகள் தலைகீழ். கயிற்று முடிச்சை நாய் முகர்ந்தால் அவிழும். ஜூட் வந்து நின்று பார்த்தார். ஒரு முடிச்சைத் தொடப்போனவர், அவிழ்ந்துவிடும் என்று கையை எடுத்துக்கொண்டார்.

“நல்லாக் கிடக்கு” என்றார்.

பஸ் தரிப்புக்கு வந்த பிறகுதான் தோள்பை ஜூட் வளவிலேயே கிடப்பது ஜென்சனுக்கு நினைவு வந்தது. விதிப்படி இரண்டு பேருமாகத் திரும்பிப் போனார்கள். வளவு முனையில் ஜென்சன் சட்டென்று நின்றார். ஜூட் அவர்கள் கட்டிய முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தார். கிடுகைத் திருப்பிப் பிடித்துக் கொடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் நின்றது அனஸ்தாசியா. காலையிலிருந்து கதைக்காத இரண்டு பேரும் இப்போது ஓயாமல் கதைத்தார்கள். நடுநடுவே சிரிப்பும் வந்தது. எதைப் பற்றிய சிரிப்பு என்று கேட்க வேண்டுமா?

டேனியல் முன்னால் போகப் பார்த்தார். ஜென்சன் அவருடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, வந்த வழியே ஓசைப்படாமல் நடந்தார். பை நாளைக்கு எடுக்கலாம் என்றார்.

அடுத்த புதன்கிழமை அவர்களைக் கண்டதும் ஜூட், நீங்கள் கட்டிய வேலி இரும்புபோல நிற்கிறது என்றார். ஜென்சன் நேராக நின்ற கம்புகளையும் சரியான பக்கத்தில் இருந்த கிடுகுகளையும் நிதானமாகப் பார்த்தார். பிறகு மிகுந்த சிரமப்பட்டு, தன்னுடைய முகத்தில் பெருமையை வரவழைத்துக் கொடுத்தார். ஜூட்டுக்கு அவ்வளவு சந்தோஷம்.

சரி, வாசகரே, பத்தொன்பது வயதிலேயே விளங்கிக்கொண்டவர் கதை இது. உங்கள் காரியம் எப்படி? போன சனிக்கிழமை எதிர்வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர், ஃபோனில் எழுத்தைப் பெரிதாக்கித் தரச்சொல்லி உங்களிடம்தானே வந்தார்? அதற்கு முந்தின சனிக்கிழமையும் அதே ஃபோன், அதே எழுத்து? முப்பத்தைந்து வருடம் கணிதம் படிப்பித்த மனுஷனுக்கு இது மனதில் நிற்குதில்லையே என்று நீங்கள் வீட்டில் சொல்லிச் சிரித்தீர்கள். செய்து கொடுத்துவிட்டு, ‘வேறேதும் இருந்தா யோசிக்காமச் சொல்லுங்க, சேர்’ என்றும் கேட்டீர்கள். அவர் யோசித்தார். கொஞ்சம் நீளமாகவே யோசித்தார். என்ன தேடினார் என்று நினைக்கிறீர்கள்?