இரண்டாம் சோதனைக்கு நான் எழுதிய 'வேண்டாம்'

இதுவரை நான் எழுதிய சொற்களுள் ஒன்றே ஒன்றை அழித்துத் தருவதாக இறைவன் இறங்கி வந்தால், 'வேண்டாம்' என்ற அந்த ஒற்றைச் சொல்லைத்தான் காட்டுவேன். என் தம்பி ஏழுமலை எழுதிய ஏழு வரி நிரலுக்குக் கீழே அதை எழுதினேன். எழுதிவிட்டு, ஏதோ திருப்பணி செய்து முடித்தவள் போல மோரும் குடித்தேன்.

விழுப்புரத்தில் ஒரு சிறு நிறுவனம். பால் சங்கங்களுக்கு மின்னணு எடை இயந்திரம் செய்து தருவது அதன் தொழில். இரண்டாயிரத்துப் பத்தை ஒட்டிய ஆண்டுகளில் நான் அங்கே மூத்த நிரலாளர். தம்பி தற்காலிக ஊழியன். இயந்திரத்தின் கெர்னலில், அதாவது மற்ற நிரல்களையெல்லாம் தாங்கி நிற்கும் அடிப்படை நிரலில், யார் எதை மாற்றினாலும் இன்னொருவர் படித்துப் பார்த்து, 'பார்வையிட்டவர்' என்று தம் பெயரை இட்டாக வேண்டும். அந்தப் பதவி என்னுடையது. (பதவி என்ன பதவி! மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு நாற்காலி.)

பால் ஊற்ற வருபவரிடம் ஓர் அட்டை இருக்கும். அதைச் செருகியதும் இயந்திரம் அதிலுள்ள பெயரின் நீளத்தைப் பார்க்கும். நினைவகத்தில் பெயருக்கென ஒதுக்கிய இடம் முப்பத்திரண்டு எழுத்து. மிகுந்தால் அட்டையைத் திருப்பி அனுப்பிவிடும். பால் ஊற்றி எடை நிலைத்த பிறகு அட்டையை மறுபடியும் படித்துப் பெயரை அந்த இடத்தில் எழுதிக்கொள்ளும். எழுதும் முன்பும் ஒருமுறை நீளத்தைச் சோதிக்க வேண்டும் என்பதே ஏழுமலை கேட்ட மாற்றம்.

"முதலில்தான் சோதித்தாயிற்றே?" என்றேன்.

"அது அப்போக்கா. நடுவுல பால் ஊத்திக்கினு நிப்பாங்க இல்ல? அந்த நேரத்துல அட்டை மாறிச்சுன்னா?"

"எப்படியடா மாறும்? செருகியது செருகியபடிதானே இருக்கும்?"

"நீ ஆபீஸ்ல குந்திக்கினு சொல்ற. காலைல சங்கத்துக்கு ஒருவாட்டி வந்து பாரு."

நான் போகவில்லை. அவனைவிட நான்கு வயது மூத்தவள்; சிறுவயது முதல் பாசுரமும் பதிகமும் ஓதி வளர்ந்தவள்; ஓரசை கூடினாலும் செவியில் முள்ளாகக் குத்தும். சொன்னதையே சொல்வது குற்றம் என்பது என் நெடுநாள் கொள்கை. அதை ஒரு சிறு சொற்பொழிவாகவே அவனுக்கு வழங்கினேன்.

முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவன் சொன்னான்: "ஏங்கா, காலைல போற்றி போற்றின்னு நூத்தியெட்டு வாட்டி சொல்றியே, சாமிக்கு ஒருவாட்டி சொன்னா காது கேக்காதா?"

அலுவலகமே சிரித்தது. தேநீர் கொண்டுவந்தவர் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். எனக்கோ உச்சந்தலை கொதித்தது. ஈசனையும் எடை இயந்திரத்தையும் ஒரே தராசில் வைப்பதா! நிரலை நான் அதற்குமேல் படிக்கவே இல்லை. 'கூறியது கூறல். வேண்டாம்' என்று எழுதி, என் பெயரையும் முழுதாக இட்டேன். இன்று எண்ணிப் பார்க்கிறேன்: அவன் கேட்டது நல்ல கேள்வி. விடை தெரியாத கோபத்தைப் பக்தி என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் திண்டிவனத்துக்கு அருகே ஒரு பால் சங்கத்தில் இயந்திரத்தை இயக்கிக் காட்ட ஏற்பாடு. அவர்கள் ஏற்றுக்கொண்டால் தம்பிக்கு வேலை நிரந்தரம் என்று முதலாளி வாக்களித்திருந்தார். இல்லையென்றால் அவன் சென்னைக்குப் போயாக வேண்டும். வயல், வீடு, படுக்கையில் கிடந்த எங்கள் அம்மா, இவற்றை விட்டுப் போக அவனுக்கு மனமில்லை.

விடியற்காலை போய்ச் சேர்ந்தோம். அப்போதுதான் அந்த வழக்கத்தை என் கண்ணால் கண்டேன். முன்னால் நிற்பவர் பால் ஊற்றி முடிப்பதற்குள் பின்னால் நிற்பவர் தம் கேனை முன்னே நகர்த்தி இடம் பிடித்துவிடுகிறார். கேனுக்குப் பொருந்திய வழக்கம் அட்டைக்கும் பொருந்தாதா?

பச்சையம்மா என்னும் மூதாட்டி அட்டையைச் செருகினார். ஆறே எழுத்துப் பெயர், சோதனையில் தேறியது. பாலை ஊற்றியதும், "என் அட்டை, யாராச்சும் எடுத்துக்கினு பூடுவாங்க" என்று உருவி முந்தானையில் முடிந்துகொண்டார். பின்னால் நின்ற பலராமன், "ஜல்தியா ஆவட்டும் ஆயா" என்று தம் அட்டையைச் செருகிவிட்டார். அவர் அட்டையில் பெயரோடு தந்தை பெயர், தெரு, ஒலக்கூர், கோயிலுக்குப் பின்புறம் என்பதுவரை யாரோ பதிந்து வைத்திருந்தார்கள்.

எடை நிலைத்தது. இயந்திரம் மறுபடி படித்தது. இம்முறை சோதனை இல்லை. முப்பத்திரண்டு எழுத்துக்கான இடத்தில் பலராமனின் வம்சமே குடியேறியது. இடம் போதாமல் பக்கத்து நினைவகத்துக்கும் பரவி, அணைத்து ஏற்றும்போது எழுவதற்கென்று கெர்னல் நிலையாகப் பதிந்து வைத்திருந்த குறிப்புகளை அழித்தது. திரையில் விளங்காத எழுத்துகள் ஓடின. பிறகு ஒன்றுமில்லை. அணைத்து ஏற்றினாலும் எழவில்லை.

"இன்னா மெஷினு இது, பேரக் கேட்டதும் மூர்ச்சையாவுது!" என்றார் ஒருவர்.

"பலராமன் பேருக்கு அவன் பொண்டாட்டியே மூர்ச்சையாவுறா, மெஷினு எம்மாத்திரம்!"

வரிசை கலைந்தது. வெயில் ஏற ஏறப் பால் கெட்டுவிடும் என்ற பதற்றம் அவர்களுக்கு. சங்கத் தலைவர் எங்களிடம் வந்தார். முதலாளியும் உடன் நின்றார்.

"யாருங்க இத எழுதனது?" என்றார் தலைவர்.

நான் வாயைத் திறப்பதற்குள், இல்லை, உண்மையைச் சொல்கிறேன், நான் திறக்கவே இல்லை, ஏழுமலை ஓரடி முன்னே வந்தான். "நான்தாங்க."

அது பொய்யன்று, இயந்திரத்தின் அந்தப் பகுதியை எழுதியவன் அவனே. இதைத் தடுக்கும் ஏழு வரியையும் அவனே எழுதினான், அதை மறுத்தவள் நான் என்று அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். நாள்தோறும் பாமாலை ஓதும் நான், பால் கேன்களை எண்ணுபவள் போலத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பேருந்தில் திரும்பும்போது அவன் ஒன்றும் குத்திக் காட்டவில்லை. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைப் பொட்டலத்தை என் மடியில் வைத்து, "துன்னுக்கா. பேஜாரா போச்சு, அவ்ளோதான்" என்றான். அதைவிட அவன் என்னைத் திட்டியிருக்கலாம்.

முதலாளியிடம் உண்மையைச் சொல்ல எனக்குப் பதினொரு நாள் ஆயிற்று. அவர் கேட்டுவிட்டு, "மொதல்லயே சொல்லிருக்கலாமேம்மா, அவரு சென்னைல சேந்துட்டாராமே" என்றார். அந்த ஏழு வரியை அன்றே சேர்த்தேன். பார்வையிட்டவர் என்று என் பெயரையே இட்டேன். அம்மாவின் கடைசி மாதங்களில் அவன் சனிக்கிழமை இரவு வந்து, ஞாயிறு மாலை போனான்.

இப்போது குடும்பம் கூடும் போதெல்லாம் இது ஒரு வேடிக்கைக் கதை. ஊருக்குக் கிளம்பும் நேரத்தில் அடுப்பின் எரிவாயுவை மூடியாயிற்றா என்று பார்த்துவிட்டு, "மூடியிருக்கிறது" என்று நான் சொன்னால் போதும், தம்பி மனைவி கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுப்பாள்: "அண்ணி பாத்துட்டாங்க! இனிமே யாராச்சும் போய்ப் பாருங்க!"

வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். ஏழுமலை மட்டும் சிரிக்காமல் எழுந்து உள்ளே போவான். திரும்பி வந்து எல்லோரும் கேட்கும்படி, "அக்கா சொன்னது சரிதான், மூடிதான் இருக்குது" என்பான்.

அன்றைக்கு அந்தச் சங்கத்தில் அவனுக்காக நான் சொல்லாததை, இன்றைக்கும் எனக்காக அவன் சொல்லிக்கொண்டிருக்கிறான்.