சிவப்பு எழுத்துக்காரருக்கு ஓர் இரங்கலுரை

1931 மார்ச் 8, ஞாயிற்றுக்கிழமை. ஐந்தே காலுக்கு எழுந்தேன். சவரம், குளியல், கடிகாரத்துக்குச் சாவி. பிறகு, பிழைக்க வந்த மலாய்த் துறைமுக ஊரின் சூலியா தெரு மாடியறையில், எனக்கிருந்த ஒரே கோப்பையில் கோப்பி. மற்ற ஞாயிறுகளில் இதற்குமேல் மறுநாள் காலை வரை நான் வாய் திறக்க வேண்டியிருக்காது. (வீட்டுக்காரரின் பூனைகூட என்னோடு பேச்சு வைத்துக்கொண்டதில்லை.)

அன்று எனக்கு ஆட்கள் இருந்தார்கள். ஊர் வரலாற்றில் ஆர்வமுள்ள பதினான்கு பேர் பழைய கல்லறைகளைப் பார்க்கக் கிளம்பினோம். காசு மாற்றும் கடை வைத்திருந்த காதர் அண்ணன் எங்கள் தலைவர்.

"தம்பி, எட்டாம் தேதி கல்லறையில நீ ஒழுங்காப் பேசிட்டா, மாசாமாசம் நீதான் கூட்டிட்டுப் போகணும் லா," என்று முன்பே சொல்லியிருந்தார்.

மாதத்தில் ஒரு ஞாயிறாவது மனிதர்களோடு கழியும். அந்த ஆசையில் மூன்று வாரம் குறிப்பெடுத்தேன்.

கடைசியாக, பத்து கந்தோங் என்ற இடத்துச் சீன இடுகாட்டில் லிம் தவுக்கேயின் கல்லறை. தமிழர் குடியிருந்த வீட்டு வரிசைக்குக் கிணறு வெட்டித் தந்த முதலாளி. கல்லில் இரண்டு பெயர்கள். ஒன்று பொன் நிறம், மற்றது சிவப்பு. சிவப்புதான் தவுக்கே என்று என் அலுவலகத்துச் சீனர் ஒருவர் படித்துச் சொல்லியிருந்தார்.

இருபது நிமிடம் பேசினேன். 'இந்தப் பிரிவை எப்படித் தாங்குவோம்' என்ற இடத்தில் குரல் தழுதழுக்க வேண்டும் என்று குறிப்பில் இருந்தது, தழுதழுத்தது. சிவப்புப் பெயருக்கு மாலை போட்டேன். எல்லோரும் தலை குனிந்தோம். பக்கத்தில் பெருக்கிக்கொண்டிருந்த சீனக் கிழவரும் துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு, மரியாதையாகத் தலை குனிந்தார்.

மௌனம் முடிந்ததும் அவர்தான் முதலில் பேசினார், துறைமுகத்தில் பழகிய தமிழில்.

"நல்லாப் பேசினீங்க. ஆனா கிணறு ஒண்ணு இல்ல லா, மூணு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" (கறாராகத்தான் கேட்டேன்.)

"நான்தானே வெட்டினேன்."

மாலையை எடுத்துப் பொன்னெழுத்துகளின் மேல் வைத்தார். "இது என் சம்சாரம். செத்தவங்களுக்குப் பொன்னு. உயிரோட இருக்கறவனுக்குச் சிவப்பு, அது நான். ஞாயித்துக்கிழமை இங்க வந்துடுவேன், பேச்சுத் துணைக்கு."

பதின்மூன்று பேரும் சிரித்தார்கள். கல்லின் நீள அகலத்தைக்கூட அளந்து வைத்திருந்தேன். ஆள் இறந்துவிட்டாரா என்று மட்டும் கேட்கவில்லை. கல்லறையில் பெயர் இருப்பவரைப் பற்றி அதை யார் கேட்பார்கள்?

"உங்க சம்சாரம்?" என்றார் தவுக்கே.

"கல்யாணம் ஆகலை."

"அப்ப உங்களுக்கு யாரு பேசுவா?"

சிரிப்பு நின்றுவிட்டது. கையிலிருந்த பன்னிரண்டு பக்கக் குறிப்பைப் புரட்டினேன்.

"நான் பேசறேன் லா," என்றார் காதர் அண்ணன். "செத்துட்டானான்னு ரெண்டு தடவை பாத்துட்டு."

ஏழு ஆண்டுகள் ஆகிவிட்டன. ஒரு மாதம் நான் கூட்டத்துக்குப் போகாவிட்டாலும் காதர் அண்ணனிடமிருந்து ஆள் வந்துவிடும். கேள்வி ஒன்றுதான்: "சிவப்பா, பொன்னா?"

ஆனால் அன்று இதெல்லாம் எனக்குத் தெரியாது. பஸ்ஸில் கடைசி இருக்கையில் தனியாக உட்கார்ந்து திரும்பினேன்.

மறுநாள் ஐந்தே காலுக்கு எழுந்தேன். சவரத்துக்கும் முன்பாக, சிவப்பு மையை எடுத்து, நாட்குறிப்பின் முதல் பக்கத்தில் என் பெயரை எழுதினேன்.