ஆர்மடில்லோவின் பெட்டியைக் கோடாலியால் பிளந்தது குறித்து

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

தங்கையும் பிள்ளைகளும் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உங்கள் அக்காவும் நலம். நலம் என்பது உடம்பை மட்டும் வைத்துச் சொல்வது.

நீங்கள் கண்காணிப்பாளராக இருக்கும் மிருகக்காட்சிசாலையில் நேற்றுக் காலை என் பெட்டியைக் கோடாலியால் பிளந்துவிட்டார்கள். பிளந்தவர் உங்கள் மிருக வைத்தியர். பிடித்துக்கொண்டவள் ஆர்மடில்லோவைப் பராமரிக்கும் பெண். போதாததற்கு நான் அந்தப் பிராணியைப் பட்டினி போட்டேன் என்று குற்றம் சாட்டி, வாசல் காவலாளியை விட்டு என் அனுமதி அட்டையையும் பிடுங்கிக்கொண்டார்கள். விளக்கம் எழுதித் தந்தால்தான் இனி உள்ளே விடுவார்களாம். அவர்களுக்கு நான் எழுதமாட்டேன். நீங்கள் வெளியூரில் இருந்தாலும் பரவாயில்லை, உங்களுக்கு எழுதுகிறேன்.

என்னை அங்கே வரவழைத்ததே நீங்கள்தான். "மச்சான், வீட்ல சும்மாதானே இருக்கீங்க, அந்த ஜீவனுக்கு ஏதாவது விளையாட்டுச் சாமான் செஞ்சு குடுங்களேன்" என்றீர்கள். நான் சும்மா இருக்கவில்லை, ஓய்வில் இருந்தேன். இருந்தாலும் வந்தேன். அந்தப் பெண் விஷயத்தை நன்றாகத்தான் சொன்னாள். "தட்டுல வச்சா ஒரு நொடியில தின்னுட்டு, மிச்சப் பொழுது பூரா சுவரோரமா ஒரே வட்டமா சுத்துதுங்க ஐயா. காட்டுல இருந்தா தோண்டித் தோண்டித்தானே தின்னும். இங்கயும் கொஞ்சம் பாடுபட்டுத் தின்னா அதுக்கும் பொழுது போகும்" என்றாள். இதற்கு என்ரிச்மென்ட் என்று பெயராம். சாப்பாட்டை ஒளித்து வைப்பதற்கு இவ்வளவு பெரிய பெயரா என்று கேட்டேன். சிரித்தாள். அப்போதெல்லாம் சிரிப்பாள்.

அந்தப் பிராணியைப் பார்த்ததும் எனக்கு மரியாதை வந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். முதுகெல்லாம் பழைய தோல் பெட்டி மாதிரி ஓடு. பயந்தால் தலையையும் வாலையும் உள்ளே இழுத்து உருண்டையாகிவிடும். சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், நகம் நுழைய ஒரு சந்து இல்லை. யாரிடமும் வேலை பழகாமல், கெட்டுப்போன பூட்டுகளைப் பிரித்துப் போட்டே தொழில் கற்றவன் நான். நான் பூட்டியதை இதுவரை எவனும் திறந்ததில்லை. அந்தத் தொழிலைப் பிறவியிலேயே தெரிந்துவைத்திருக்கும் ஒரு ஜீவனைப் பார்த்தால் எனக்கு எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

முதலில் அட்டைக் குழாயில் புழுக்களைப் போட்டு இரண்டு முனையையும் மடித்துக் கொடுத்தேன். நான் எழுந்து நிற்பதற்குள் கிழித்துத் தின்றுவிட்டு, இன்னும் இருக்கிறதா என்பது போல என் செருப்பை மோந்து பார்த்தது. பிறகு பிளாஸ்டிக் குழாயில் திருகு மூடி. அதை உருட்டிக்கொண்டுபோய்ச் சுவரில் மோதியே கழற்றிவிட்டது. மரப்பெட்டிக்குக் கொக்கி போட்டேன், கொக்கியை மூக்கால் தட்டிவிட்டது. அந்தப் பெண் கைதட்டினாள். யாருக்குக் கைதட்டுகிறாய் என்று கேட்டேன். "அதுக்குத்தான் ஐயா, பின்ன யாருக்கு?" என்றாள். அன்று வீட்டுக்கு வந்து நான் சரியாகச் சாப்பிடவில்லை. உங்கள் அக்கா, "பீரோ சாவியத் தொலைச்சிட்டு மாசக்கணக்கா அல்லாடறேன், அதத் திறந்து குடுக்க நேரமில்ல. இங்க புழுவுக்குப் பூட்டு செய்யறாராம்" என்று பக்கத்து வீடு வரை கேட்கும்படி சொன்னாள். பட்டறையில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்படிச் செய்ததுதான் இந்தப் பெட்டி. தேக்குப் பலகை. கொக்கி இல்லை, சாவி இல்லை. முகப்பில் கைப்பிடி மட்டும் இருக்கும். கைப்பிடியைக் கண்டவன் இழுப்பான். இழுக்க இழுக்க இறுகும். உள்பக்கமாகத் தள்ளினால்தான் கதவு விலகும், விட்டவுடன் வில் கம்பி அதைத் தானே மூடிவிடும். எந்தத் திருடனும் கைப்பிடியைத் தள்ளிப் பார்க்கமாட்டான், இது என் அனுபவம். பல நாளுக்குத் தேவையான புழுவையும் சில்வண்டையும் ஒரேயடியாக நிரப்பி, மணலில் பாதி புதைத்துவிட்டு வந்தேன்.

அந்தப் பிராணி பகலெல்லாம் பெட்டியின்மேல் சாய்ந்து தூங்கியது. தோல்வியை ஒப்புக்கொண்டுவிட்டது என்று நினைத்தேன். இருக்கட்டும் என்று அந்தப் பெண் பக்கத்தில் வைத்த தட்டையும் அது தொடவில்லை. மறுநாளும் தொடவில்லை. உள்ளேயிருந்து சில்வண்டுச் சத்தம் மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. கூண்டுக்கு வெளியே நின்ற ஒரு அம்மாள், "பாவம், சாப்பாட்டோட சத்தத்தக் கேட்டுக்கிட்டே பட்டினி கிடக்குதே" என்று எல்லாருக்கும் விளக்கிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் வைத்தியர் வந்தார். இழுத்தார். அந்தப் பெண்ணும் சேர்ந்து இழுத்தாள். தோட்டக்காரரைக் கூப்பிட்டு மூன்று பேருமாக இழுத்தார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி இருந்ததை மறைக்கமாட்டேன்.

"பெரியவரே, எப்படித் திறக்கறதுன்னு சொல்லிடுங்க, பிரச்சினை முடிஞ்சிடும்" என்றார் வைத்தியர்.

"இத்தனை பேர் முன்னால சொல்லிட்டா அப்புறம் அதுக்குப் பேர் பூட்டா?" என்றேன்.

"ஐயா, அது மனசு ஒடிஞ்சு போய்க் கிடக்குது. உங்க பிடிவாதத்துக்கு இது நேரமில்ல" என்றாள் அந்தப் பெண். அவள் கண் கலங்கியிருந்தது. எல்லாரும் தள்ளிப் போங்கள், தனியாகத் திறந்து தருகிறேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் தோட்டக்காரர் கோடாலியோடு வந்துவிட்டார். திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். சத்தம் மட்டும் கேட்டது. நேற்றிலிருந்து அந்தப் பெண் ஓயாமல் போன் செய்கிறாள். நான் எடுக்கவில்லை.

ஆகவே மாப்பிள்ளை, ஆக வேண்டியவை இவை. வைத்தியர் என் வீட்டுக்கு வந்து வருத்தம் தெரிவிக்க வேண்டும். அந்தப் பெண் பிளந்த பலகைகளைப் பொறுக்கி, மண் தட்டி, என்னிடம் சேர்க்க வேண்டும். தோட்டக்காரர் கோடாலியை மரத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அந்தப் பெட்டியை மனிதனோ மிருகமோ திறக்க முடியவில்லை என்று நீங்கள் எழுதி, முத்திரை குத்தித் தர வேண்டும். தங்கை இதில் தலையிட வேண்டாம்.

எல்லோருக்கும் என் ஆசீர்வாதம். கோபத்தோடு எழுதினாலும் ஆசீர்வாதம் முழுசாகத்தான் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் மறுபடி அந்தப் பெண்ணின் போன். உங்கள் அக்கா எடுத்து என் காதில் வைத்துவிட்டாள். பெட்டியைப் பிளந்து பார்த்தபோது உள்ளே ஒரே ஒரு சில்வண்டுதான் இருந்ததாம். அத்தனை சத்தமும் அது ஒன்று போட்டதுதான். மற்றதெல்லாம் காலி. வைத்தியர் ஆர்மடில்லோவை எடை பார்த்தாராம், கூடியிருக்கிறதாம். வயிறு நிறைந்துதான் தட்டைத் தொடாமல் தூங்கியிருக்கிறது. "அதுக்கு இழுக்கக் கை ஏதுங்க ஐயா? அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் மூக்கால தள்றதுதானே" என்றாள். பட்டினி போட்டேன் என்ற பழி இதனால் தீர்ந்துபோகிறதாம். அதற்கு, பெட்டி திறந்தது என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். மத்தியானம் முழுக்க யோசித்தேன். அடுத்த பெட்டி எப்போது என்று வேறு கேட்கிறாள்.

எனவே மேலே கேட்டது எதுவும் வேண்டாம். காவலாளி என் அட்டையைத் திருப்பித் தர வேண்டும். அந்தப் பெண் புழுக்களைத் தயாராக வைக்க வேண்டும். பெட்டி திறக்கப்பட்டது என்று விளக்கத்தை நீங்களே எழுத வேண்டும், நான் கையெழுத்துப் போடுகிறேன். யாரால் என்று மட்டும் எழுத வேண்டாம்.