பருவத்துக்கொரு தூண்டில்

எங்கள் கசாக் ஊரான கப்ஷகாயில் மீன் பிடிப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்கள்மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை. விடியுமுன் எழுந்து போகிறார்கள், இலி ஆற்றங்கரையில் வாயை மூடிக்கொண்டு உட்காருகிறார்கள், இரண்டு கெண்டையோடு திரும்பி வந்து தூங்கிவிடுகிறார்கள். இப்படிப்பட்டவர்களைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? நான் சொல்ல வந்தது வேறோர் இனம். இவர்கள் மீனைப் பிடிப்பதில்லை. மீன் பிடிக்கும் முறைகளைப் பிடிப்பவர்கள். பனி உருகும்போது ஒரு முறை, வெயில் ஏறினால் ஒரு முறை, இலை உதிரும்போது ஒரு முறை, நீர்த்தேக்கம் உறைந்துவிட்டால் அதற்கென்று தனியாக ஒரு முறை. போன பருவத்து முறை என்ன ஆயிற்று என்று கேட்டுப்பாருங்கள், விவாகரத்தான மனைவியைப் பற்றி விசாரித்ததுபோல் முகத்தைச் சுளிப்பார்கள்.

உங்கள் ஊரிலும் ஒருவர் இருப்பார். எங்கள் குடியிருப்புக்கு வாய்த்தவர் ஒராஸ்பாய்.

ஒராஸ்பாய் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கியரைச் சும்மா சும்மா மாற்றாதே, எடுத்த பாதையில் பொறுமையாகப் போ என்று சொல்லிச் சொல்லியே ஊரில் பாதிப் பேருக்கு உரிமம் வாங்கிக்கொடுத்தவர். அந்தப் பொறுமையெல்லாம் வேலை நேரத்தோடு சரி. வீட்டுக்கு வந்து, தேநீரை ஆறவிட்டு, கைப்பேசியில் மீன் காணொளி பார்க்க உட்கார்ந்தாரானால் கியர் தானாக மாறிவிடும்.

முதலில் தகரத்தில் செய்த மினுக்கு மீன்களை வீசி இழுக்கும் முறை வந்தது. அதற்கடுத்து மாவு உருண்டை: மனைவி ஷோல்பானின் நல்ல பாத்திரத்தில் சோளமாவும் சணல் விதையும் வெனிலாவும் சோம்பும் போட்டு அவர் வேகவைத்தபோது மாடிப்படி முழுக்கக் கல்யாண வீட்டு வாசனை, அந்த உருண்டைகளை மீன் எதுவும் தொடவில்லை, ஆனால் வீட்டுக்கு வந்த இரண்டு விருந்தாளிகள் தேநீரோடு சாப்பிட்டுவிட்டு, செய்முறை என்ன என்று ஷோல்பானைக் கேட்டார்கள். பிறகு இறகு கட்டிய பூச்சித் தூண்டில், அதைச் சாட்டைபோல் சுழற்றி வீச வேண்டும். முற்றத்தில் பழகியபோது அது பிடித்தது நான்காம் மாடி வலென்தினா பெத்ரோவ்னா காயப்போட்டிருந்த போர்வையை. அந்தக் குளிர்காலம் பனிக்கட்டியில் துளை போட்டு உள்ளே இறக்கும் கேமரா. அதுவரை மீன்கள் தன்னைச் சட்டை செய்யவில்லையோ என்று அவருக்கு ஒரு சந்தேகம்தான் இருந்தது. கேமரா வந்த பிறகு கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

மனம் தளர்ந்தாரா? இந்த இனத்துக்கு மனம் தளராது. தளர்வதற்குள் அடுத்த பொட்டலம் தபாலில் வந்துவிடும். தோல்விக்கும் அவர்களிடம் காரணம் தயாராக இருக்கும். காற்றழுத்தம் சரியில்லை. நிலவு வளர்கிறது. நிலவு தேய்கிறது. மேலே அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். எதுவும் கிடைக்காத நாளில், "மீனெல்லாம் இப்ப படிச்சிருச்சுப்பா" என்பார் ஒராஸ்பாய், தன் மாணவர்களைவிட மீன்கள் தேறிவிட்டன என்ற வருத்தத்தோடு.

இதில் எங்களுக்கும் செலவு இருந்தது. புதுப்பொருள் ஒன்றை ஒருவன் காட்டினால், பார்த்தவன் ‘பைகாஸி’ என்று எதையாவது கையில் வைத்தாக வேண்டும் என்பது எங்கள் வழக்கம். குழந்தையின் புதுச் செருப்புக்கு ஒரு மிட்டாய், மருமகளின் புதுச் சட்டைக்கு ஒரு கைக்குட்டை என்று நல்லபடியாக நடந்துகொண்டிருந்த வழக்கம் இது. ஒராஸ்பாயோ பருவத்துக்குப் பருவம் புதுத் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகக் காட்ட வருவார். முதல் மாடி ரைகான் அக்கா சுடச்சுடப் பொரித்த பவுர்சாக் பலகாரம் கொடுத்தாள், காலுறை கொடுத்தாள், கடைசியில் கொடுக்க ஒன்றும் இல்லாமல் ஒரு பூனைக்குட்டியைக் கொடுக்கப் பார்த்தாள். நீளமான பொட்டலத்தோடு அவர் முற்றத்தில் நுழைந்தால் பெஞ்சில் டோமினோ ஆடுபவர்கள் காயைப் போட்டது போட்டபடி கழன்றுகொள்வார்கள்.

ஷோல்பான் எங்கே கழன்றுகொள்வாள்? அவள் கல்யாண உடை தைப்பவள். கைவேலை சுத்தம் என்று அல்மாட்டியிலிருந்துகூட மணப்பெண்கள் தேடி வந்தார்கள். வீட்டில் நல்ல வெளிச்சம் விழும் ஒரே இடம் கண்ணாடி போட்ட பால்கனி. அங்கே தூண்டில்களும் வலைகளும் ரப்பர் காலணிகளும் குடியிருந்தன. அவள் நடைவழியில் மின்விளக்குக்கு அடியில், வெள்ளைத் துணியில் வெள்ளை நூல் கோத்து, கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். அந்த வசந்தத்தில் ஒரு பெண்ணின் உடையில் கைப்பட்டை கோணலாகிவிட்டது. ஷோல்பானின் தையலில் முதல் கோணல். அன்று ராத்திரி சாப்பாட்டில் அவள் சத்தம் போடவில்லை. நிதானமாகத்தான் சொன்னாள்.

"இலையுதிர் காலத்துக் கல்யாணமெல்லாம் தொடங்குறதுக்குள்ள, நீங்க உங்க கையால பிடிச்ச மீன் ஒண்ணு இந்த மேசைக்கு வரணும். வந்துச்சுன்னா பால்கனியப் பத்தி நான் வாயே திறக்க மாட்டேன். வரலைன்னா என் தையல் மெஷின் அங்க போகும், உங்க சாமானெல்லாம் கீழ நிலவறைக்குப் போகும்."

ஒராஸ்பாய் உடனே ஒப்புக்கொண்டார். வேறெந்தப் பேச்சிலும் அவர் இவ்வளவு வேகமாக ஒப்புக்கொண்டதில்லை. ஒரே ஒரு மீன்தானே?

வசந்தம் போயிற்று, ஒன்றும் இல்லை. கோடையில் பாதியும் போயிற்று. அப்போதுதான் அவருக்குக் குவோக் கிடைத்தது. அது வளைந்த ஒரு மரக்கட்டை. அதன் நுனியால் தண்ணீரைச் சரியான கோணத்தில் தட்டினால் ‘க்ளுப்’ என்று அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வரும், அதைக் கேட்டு ஆழத்தில் கிடக்கும் வாளை மீன் மேலே எழுந்து வரும் என்பது நம்பிக்கை. சத்தம் சரியாக வர வேண்டும், அதுதான் சூட்சுமம். ஒராஸ்பாய் குளியல் தொட்டியை நிரப்பிவைத்துக்கொண்டு வாரக்கணக்கில் பழகினார். க்ளுப். க்ளுப். நேர் கீழ்வீட்டு வலென்தினா பெத்ரோவ்னா குழாய் வேலைக்காரரை இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டாள். அவரும் குழாயையெல்லாம் கழற்றி மாட்டிவிட்டு, இது தண்ணீர்க்கோளாறு இல்லை அம்மா, மனுஷக்கோளாறு என்று சொல்லிவிட்டுப் போனார்.

கோடை முடிய இன்னும் சில நாள்தான் இருந்தது. கனாப்பியா என்ற இளைஞனின் படகில் ஒராஸ்பாய் இலி ஆற்றுக்குப் போனார். கனாப்பியா துடுப்புப் போட, இவர் தட்டினார். கனாப்பியா பிறகு எங்களிடம் சொன்னது இது: மத்தியானம்வரை ஒன்றும் இல்லை, பிறகு இரையோடு இறக்கியிருந்த கயிறு ஒரு முறை அசைந்தது, அண்ணன் அதை நம்பாமல், கயிறு பாறையில் சிக்கிவிட்டது என்று துடுப்புப் போட்ட தன்னைத் திட்டினார், அந்தப் பாறை படகை இழுத்துக்கொண்டு ஆற்றோடு போக ஆரம்பித்தது. மேலே கொண்டுவந்து பார்த்தால் வாளை. தோளில் போட்டால் வால் முழங்காலுக்குக் கீழே இடிக்கும் அளவு வாளை. ஒராஸ்பாய் அதன் பக்கத்தில் படகுக்குள்ளேயே உட்கார்ந்து அழுதாராம். இதை நான் நம்புகிறேன். நானாக இருந்தாலும் அழுதிருப்பேன்.

இனி அவர் செய்ய வேண்டியது என்ன? காரைப் பின்பக்கம் நிறுத்தி, பின்வாசல் வழியாக ஏறி, ஐந்தாம் மாடிக்குப் போய், மீனை மேசையில் வைக்க வேண்டும். பால்கனி அவருடையது. சிறுபிள்ளைக்கும் தெரிந்த கணக்கு.

இந்த இனத்தார் பின்வாசல் வழியாகப் போவார்களா?

காரை முன்பக்கச் சாலையிலேயே நிறுத்தினார். மீனைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தின் நடுவில் நடந்தார். நடந்தார் என்றா சொன்னேன்? ஊர்வலம் வந்தார். டோமினோ ஆடுபவர்கள் இந்தத் தடவை எழுந்து ஓடவில்லை, எழுந்து நின்றார்கள். வலென்தினா பெத்ரோவ்னா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தவள் கையிலிருந்த ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, ரஷ்யக்காரியானாலும் எங்களைவிடத் திருத்தமான கசாக்கில் சொன்னாள்: "சிரல்கி."

அந்தச் சொல்லின் கனம் உங்களுக்குத் தெரிய வேண்டும். வேட்டையோடு வருகிறவனை எதிரே கண்டு ஒருவர் ‘சிரல்கி’ என்று சொல்லிவிட்டால், அவன் பங்கு கொடுத்தே ஆக வேண்டும். மறுத்தால் அதிர்ஷ்டம் அவனை விட்டுப் போய்விடும். வெறுங்கையோடு வருகிறவனிடம் யாரும் அதைச் சொல்வதில்லை. ஒராஸ்பாய் இத்தனை வருஷம் தூண்டிலோடு போய் வந்ததில் ஒருநாளும் அவர் காதில் அது விழுந்ததில்லை. இப்போது விழுந்தது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பட்டம் வாங்கியவன் முகம். மீனைப் பெஞ்சில் கிடத்தினார், கத்தியை எடுத்தார், அவள் காட்டிய இடத்துக்கும் மேலே ஒரு சாண் தள்ளி வெட்டினார்.

இவ்வளவு பெரிய மீனில் ஒரு துண்டு போனால் என்ன? மேசைக்கு வேண்டியது நிறையவே மிச்சம் இருந்தது. டோமினோக்காரர்களும் சொன்னார்கள், அவர்களுக்கும் வெட்டினார். ரைகான் அக்கா ஜன்னல் வழியாகவே சொன்னாள். காலுறை, பவுர்சாக், பூனைக்குட்டி எல்லாவற்றுக்கும் சேர்த்து அவள் நடுத்துண்டைக் கேட்டாள், கொடுத்தார். இத்தோடு முடிந்திருந்தால் ஒராஸ்பாய் பிழைத்திருப்பார். ஆனால் இரண்டாம் மாடியில் ஆள் நடமாட்டமே இல்லை. அவர் கொஞ்சம் நின்றார். இருமினார். எந்தக் கதவும் திறக்கவில்லை. அப்புறம் அவரே போய் மணியை அடித்தார்.

ஆமாம், அவரேதான் அடித்தார். கயிறு அசைந்தது முதல் படகு இழுபட்டது வரை சொல்ல வேண்டாமா? ஒவ்வொரு கதவிலும் கதை கொஞ்சம் நீண்டது, மீன் கொஞ்சம் குறுகியது. மூன்றாம் மாடியில் எனக்கும் கிடைத்தது. நானும் அந்தச் சொல்லைச் சொன்னேன், மறைப்பானேன்.

ஐந்தாம் மாடிக்கு ஏறியபோது அவர் கையில் இருந்தது வால் பக்கத்தில் ஒரு துண்டு. இருந்தாலும் மீன் மீன்தான். எத்தனை பெரிய மீன் என்று ஒப்பந்தத்தில் யாரும் சொல்லவில்லை. ஷோல்பான் கழுத்தில் அளவுநாடாவோடு வாசலில் நின்றிருந்தாள். கீழிருந்து ஏறி வந்த கதையை அவளும் மாடிப்படி வழியாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். துண்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மேசை பக்கம் வழி விட்டு நகர்ந்தாள். அவள் சொன்ன வார்த்தை மாறாதவள்.

அப்போது படியில் காலடிச் சத்தம். படகில் மறந்துபோன குவோக்கைக் கொடுக்க மூச்சிரைக்க வந்தான் கனாப்பியா.

"அண்ணே, ஊருக்கெல்லாம் கொடுத்தீங்களாமே. துடுப்புப் போட்டவன் ஞாபகம் வரலையா?" என்றவன், கொஞ்சம் கூச்சத்தோடு சேர்த்துக்கொண்டான், "சிரல்கி."

ஒராஸ்பாய் கையிலிருந்த துண்டைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். அதற்கப்பால் பால்கனியில் வரிசையாகச் சாய்ந்து நின்ற தூண்டில்களைப் பார்த்தார். வாசல்படிக்கும் மேசைக்கும் நடுவில் நான்கு எட்டுதான் இருக்கும்.  பின்னால் ஏறி வந்திருந்த நானே எண்ணிப்பார்த்தேன். பிறகு துண்டைக் கனாப்பியாவின் கையில் வைத்து, அவன் விரல்களை மூடிவிட்டார்.

 ஷோல்பான்தான் பேசினாள்.

"அவனுக்குக் கொடுக்காம இருந்திருந்தீங்கன்னா உங்கள வீட்டுக்குள்ள விட்டிருக்க மாட்டேன்" என்றாள். அளவுநாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "இப்ப போய் பால்கனிய அளங்க."

அன்று மாலை மாடிப்படி முழுக்க மீன் பொரிக்கும் வாசனை, எல்லா வீட்டிலிருந்தும், அவர் வீட்டைத் தவிர. ஒவ்வொரு வீட்டிலும் கூப்பிட்டார்கள். ஒராஸ்பாய் ஒரு வீடு விடாமல் போய்த் தன் மீனையே சாப்பிட்டுவிட்டு வந்தார். மறுநாள் சாமான்களைத் தானே தூக்கி நிலவறையில் வைத்தார். தையல் மெஷின் வெளிச்சத்துக்கு வந்தது. ஷோல்பான் ஊசியில் நூல் கோத்தபோது அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் கைப்பேசியை வெளியே எடுத்தார். "இதுக்கு இப்ப புதுசா ஒரு முறை வந்திருக்காம்" என்று ஆரம்பித்தார்.

சிரிக்கிறீர்களா? நல்லது, நானும் சிரித்தேன். உங்களுக்குத் தூண்டில் பிடிக்கவே தெரியாது என்பதும் எனக்குத் தெரியும். எண்ணெயில்லாமல் பொரிக்கும் அடுப்பு, யோகா விரிப்பு, இரண்டு பாட்டோடு நின்றுபோன கிதார், இந்தத் தடவை நிச்சயம் என்று வாங்கிய ஓட்டக் காலணி, இவற்றையெல்லாம் யார் வாங்கினார்கள் என்றும் நான் கேட்கப்போவதில்லை. ஒன்றே ஒன்று செய்யுங்கள். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு எழுந்து போய், உங்கள் பால்கனிக் கதவை மெதுவாகத் தள்ளிப்பாருங்கள். முழுசாகத் திறக்கிறதா?